நீலத்தின் கதை (14): தாழிக்குள் குடியிருந்த உயிர்

சென்ற வாரம் ஒல்லாந்தரின் கப்பல்களோடு மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரம் வரை வந்து நின்றோம்.

1602 மே 31ஆம் திகதி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் இந்தக் கரையில் நங்கூரமிட்டார். 1638 மே 18இல் போர்த்துக்கேயரின் கோட்டை ஒல்லாந்தர் வசமானது. பிறகு விட்டுப் போனவர்கள் 1668இல் மறுபடியும் வந்தார்கள். இந்த முறை அவர்களுடைய கண் முழுவதும் வாணிபத்தில் இருந்தது. கண்டி மன்னரின் கிழக்கு வாசல்களான மட்டக்களப்பிலும் கொட்டியாரத்திலும் காலங்காலமாக ஒரு கொடுக்கல் வாங்கல் நடந்துவந்தது. மலைநாட்டுப் பாக்கு கப்பலேறும். அக்கரைச் சோழமண்டலத் துணி கரையிறங்கும். 1670களின் தொடக்கத்தில் அந்தப் பாக்கும் துணியும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் தனியுரிமை ஆகின.

அந்தத் துணிப் பொதிகளில் நீலமும் இருந்தது. அவுரி இலை தொட்டியில் ஊறி, அடிபட்டு, வடிந்து, கட்டியான கதையை முன்பே பார்த்துவிட்டோம். கட்டியிலிருந்து துணிக்கு நீலம் எப்படிப் போனது?

இந்தத் தொடரிலேயே நான் எழுதக் காத்திருந்த பகுதி இது.

கரையாத நிறம்

அவுரிக் கட்டியைத் தண்ணீரில் போட்டால் கரையாது. கொதிக்க வைத்தாலும் கரையாது. புளித்தண்ணீரில் போட்டாலும், சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டாலும் தூளாகி அடியில் படியும், அவ்வளவுதான். அந்தக் கலங்கலில் துணியை முக்கினால் நீலப் புழுதி ஒட்டும். ஓர் அலசலில் போய்விடும்.

நீலத்தின் பெருமைக்கும் தொல்லைக்கும் காரணம் ஒன்றே. தண்ணீருக்கு அசையாததால்தான் அது எத்தனை சலவைக்கும் நின்றது. ஆனால் தண்ணீருக்கே அசையாத ஒன்றை நூலின் உள்ளே எப்படி அனுப்புவது?

மற்றச் சாயங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தோண்டிய சாயவேரை எடுத்துக்கொள்ளுங்கள். வேரைக் கொதிக்க வைத்தால் சாயம் இறங்கும், படிகாரம் அதைத் துணியோடு பிடித்து வைக்கும். நீலம் அந்த வழிக்கெல்லாம் வராது.

அதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. நீலத்தை முதலில் நீலம் இல்லாமல் ஆக்க வேண்டும்.

கட்டியில் இருக்கும் நீலப் பொருளின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இரண்டு இலத்திரன்களை ஊட்டினால் அது நிறம் மாறி மஞ்சளும் பச்சையுமாகிறது. அந்த நிலையில் கார நீரில் கரைகிறது. நூலின் இழைக்குள் ஊறுகிறது. துணியை வெளியே எடுத்துக் காற்றில் பிடித்தால் ஒட்சிசன் அந்த இலத்திரன்களைத் திரும்பப் பறித்துக்கொள்கிறது. பச்சை கண்ணெதிரே கறுத்து நீலமாகிறது. இப்போது நீலம் இருப்பது இழைக்குள், கரையாத நிலையில். இனி அது வெளியே வராது.

இதற்கு இரண்டு விடயங்கள் ஒரே பாத்திரத்தில் கூட வேண்டும். ஒன்று, தோலை அரிக்கும் அளவுக்குக் கடுமையான காரம், பிஎச் கணக்கில் 10க்கும் 11க்கும் இடையில். இன்னொன்று, இலத்திரனை ஊட்டுவதற்கு ஒரு கை.

காரத்துக்குப் பஞ்சமில்லை. சுண்ணாம்பு எங்கும் உண்டு. கல்குடாப் பக்கம் முருகைக்கல்லைச் சுட்டே சுண்ணாம்பு எடுத்தார்கள். அக்கரையில் சிப்பி சுட்டார்கள். வண்ணாரின் உவர்மண்ணும் இருந்தது.

அந்தக் கை யாருடையது?

வாவியிலிருந்து வாவிக்கு

சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தரின் தலைமையிடம் பழவேற்காடு. மட்டக்களப்பைப் போலவே அதுவும் வாவிக்கரை ஊர். 1613இல் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை அந்தக் கரையின் துணி வணிகம் அங்கிருந்துதான் நடந்தது. கம்பனிக் கணக்கர்கள் துணியின் நீளத்தை எழுதினார்கள், அகலத்தை எழுதினார்கள், இழை எண்ணிக்கையை எழுதினார்கள், விலையை எழுதினார்கள். தாழியைப் பற்றி எழுதவேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை.

தாழி கழுத்துவரை மண்ணில் புதைந்திருக்கும். மண்ணுக்குள் இருந்தால் பகலின் சூடும் இரவின் குளிரும் சட்டென்று தாக்காது. அவுரிக் கட்டியை ஊறவைத்து, களிம்புபோல் அரைத்து உள்ளே விடுவார்கள். சுண்ணாம்பின் தெளிநீரும் உவர்மண்ணின் வடிநீரும் சேரும். அடுத்தது தகரை விதை. வரப்போரத்தில் தானாக முளைக்கும் தகரையின் விதையைக் குழைய வேகவைத்து, கஞ்சியும் விதையுமாகத் தாழியில் கொட்டுவார்கள். சோழமண்டலக் கரையின் செடிகளை ஆராய்ந்த வில்லியம் ரொக்ஸ்பரோவும், நீலச் சாயத்துக்குத் தகரை விதை பயன்படுவதைப் பதிவு செய்திருக்கிறார்.

விதையில் நிறம் இல்லை, காரம் இல்லை. பின் எதற்காக அதைப் போட்டார்கள்? இந்தக் கேள்வியை இப்போதைக்கு மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய தாழியிலிருந்து கொஞ்சம் தண்ணீரைப் புதியதில் விடுவார்கள். படுவான்கரையில் பால் காய்ச்சித் தயிர் தோய்க்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பழைய சட்டித் தயிரிலிருந்து ஓர் அகப்பை போனால்தான் புதிய சட்டி உறையும்.

மூடி வைத்தால் சில நாட்களில் தாழி உயிர் பெறும். மேலே நீல நுரை கட்டும், செம்பு நிற ஆடை படரும். ஆடையை விலக்கிப் பார்த்தால் உள்ளே பச்சை. மணம் மாறும். சாயக்காரர் மணத்தையும் நுரையையும் பார்த்துக் கணக்குப் போடுவார். நீலத் தாழி வைத்த பல நாடுகளில் விரலில் தொட்டு நாவிலும் வைத்துப் பார்த்தார்கள். சுண்ணாம்பு மிஞ்சினால் தாழி அசையாமல் கிடக்கும், குறைந்தால் அழுகிப்போகும். இரண்டுக்கும் நடுவே, கத்தி விளிம்பு போன்ற ஓர் அளவில், வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் அதை நிறுத்தி வைக்க வேண்டும்.

பிஎச் தாள் இல்லை. வெப்பமானி இல்லை. அந்த அறிவை வைத்திருந்தவர்களின் பெயர்கள் நமக்கு எளிதில் கிடைப்பதில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். கப்பலோட்டிகளின் பெயர்கள் நாள் கிழமையோடு கிடைக்கின்றன.

டெல்ஃப்ட், 1676

இதே காலத்தில் ஒல்லாந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் ஒரு துணி வணிகர் வாழ்ந்தார். துணியின் இழை நயத்தைப் பார்க்கத் துணி வணிகர்கள் வில்லை வைத்திருப்பது வழக்கம். இவர் அந்த வில்லையைத் தாமே தீட்டக் கற்றுக்கொண்டார். ஐரோப்பாவில் வேறெவரிடமும் இல்லாத கூர்மை அவருடைய வில்லைகளுக்கு வந்தது.

அவர் பெயர் அந்தோனி வான் லீவன்ஹூக்.

மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று அவருக்கு ஓர் ஐயம். மிளகுக்கு நுண்ணிய முட்கள் இருக்கலாம், அவைதான் நாவைக் குத்துகின்றன என்று எண்ணினார். முட்களைத் தேடி, நம் பக்கத்துக் கடல்களிலிருந்து போன மிளகைத் தண்ணீரில் ஊறவைத்து வில்லைக்கடியில் வைத்தார்.

முட்கள் இல்லை. நீந்தும் உயிர்கள் இருந்தன. அதற்கு முன் மனிதக் கண் பார்த்த எதைவிடவும் சிறியவை.

1676 ஒக்டோபர் 9ஆம் திகதியிட்ட கடிதத்தில் அவர் இதை இலண்டன் அரச கழகத்துக்கு எழுதினார். பற்றீரியாவை மனிதர் கண்டு சொன்ன முதல் ஆவணம் என்று அந்தக் கடிதத்தைத்தான் காட்டுகிறார்கள்.

சற்றே நின்று பாருங்கள். டெல்ஃப்டில் கம்பனிக்கு ஒரு கிளை இருந்தது. சோழமண்டலத் துணியும் கீழைக்கடல் மிளகும் அதே கப்பல்களில் போயின. மிளகுத் தண்ணீரில் உயிரைக் கண்டவர் துணி வணிகர். அவருடைய தொழிலின் விலையுயர்ந்த நிறங்களில் ஒன்று அத்தகைய உயிர்களின் வேலை. ஆனால் தாழி வேறு கடற்கரையில் இருந்தது. வில்லை வேறு கடற்கரையில் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்க முந்நூறு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகப் பிடித்தது.

ஒளிந்திருந்து பார்த்தவர்கள்

இடையில் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள்.

1734 அளவில் பியூலியூ என்ற கடற்படை அதிகாரி புதுச்சேரியில் இருந்தார். டூ ஃபே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் அவரிடம் ஒரு வேலையை ஒப்படைத்திருந்தார். சீத்தைத் துணி எழுதும் ஓவியர் வேலை செய்யும்போது அருகிலிருந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். பியூலியூ அப்படியே செய்தார். அந்தத் துண்டுகளும் குறிப்பும் இன்றும் பாரிஸில் இருக்கின்றன. நாம் இன்று தொழில் உளவு என்று சொல்வதைத்தான் அவர் செய்தார். ஆனாலும் அந்த உளவு இல்லாவிட்டால் நம் முன்னோரின் வேலைமுறையில் பாதி நமக்கே தெரியாமல் போயிருக்கும்.

1742 ஜனவரி 18இல் இயேசு சபைப் பாதிரியார் கேர்து ஒரு நீண்ட கடிதம் எழுதினார். சமஸ்கிருதத்துக்கும் இலத்தீனுக்கும் உள்ள உறவைப் பின்னாளில் முதலாவதாகச் சுட்டியவர்களில் ஒருவர் என்று மொழியியலார் மதிக்கும் அதே கேர்துதான். மதம் மாறிய ஓவியர்களிடம் கேட்டுக் கேட்டு அவர் அந்தக் கடிதத்தை எழுதினார். சிவப்பு எப்படி, கறுப்பு எப்படி, கடுக்காய் எதற்கு, எருமைப்பால் எதற்கு, எல்லாம் அதில் உண்டு.

நீலம் வந்ததும் கதை வேறு கைக்குப் போகிறது. ஓவியர் நீலத்தைத் தாமே இடுவதில்லை. நீலம் படக்கூடாத இடமெல்லாம் உருகிய மெழுகைப் பூசி, துணியை நீலச் சாயக்காரரிடம் அனுப்பிவிடுவார். சாயக்காரர் அதைத் தாழியில் முக்கி எடுத்துத் திருப்பி அனுப்புவார். அது தனித்தொழில்.

மெழுகு

இந்த மெழுகில்தான் நீலத்தின் வரலாறு இரண்டாகப் பிரிகிறது.

ஐரோப்பாவுக்கும் சொந்த நீலம் இருந்தது. வோட் என்ற செடியின் இலையை மக்கவைத்து, மரச்சாம்பல் நீரில் இட்டு, தொட்டியைச் சூடாக்கி, ஏறக்குறைய 50 பாகைச் சூட்டில் வைத்துச் சாயம் ஏற்றினார்கள். குளிர்நாட்டில் கம்பளிக்கு அந்த வழி சரி.

நம் கரையில் அது செல்லாது. தேன்மெழுகு 60 பாகையைக் கடந்ததும் உருகும். அதற்கு வெகு முன்பே இளகும். மெழுகு இளகினால் பூவின் விளிம்பு கலையும், துணி கெடும். ஆகவே தாழி ஆறியே இருக்க வேண்டும். அடுப்பு கூடாது. மண்ணுக்குள் வெயில் அனுமதிக்கும் வெதுவெதுப்பு மட்டும்.

ஐரோப்பியத் தொட்டிக்கு வெப்பத்தை விரும்பும் உயிர் போதும். சோழமண்டலத் தாழிக்கு வேறொன்று வேண்டும்: சாதாரணச் சூட்டிலேயே வேலை செய்து, சுண்ணாம்பின் கடுமையையும் தாங்கும் உயிர். அப்படி ஒன்றைக் கண்ணால் காணாமலே, பெயரிடாமலே, நம் சாயக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வந்திருக்கிறார்கள். மெழுகெழுதிய சீத்தையை உலகம் விலைகொடுத்து வாங்கியது என்றால், அதன் நீலத்துக்கு அடியில் நின்றது இந்த வளர்ப்பு.

'கினே' என்ற நீலத் துணியும் இதே வழியில் வந்ததுதான். புதுச்சேரியில் சாயமேற்றி, பிரான்சு வழியாகச் செனகல் ஆற்றங்கரைக்குப் போன துணி. அங்கே பிசின் விற்றவர்கள் அந்தத் துணியைப் பணம்போல் ஏற்றார்கள். கையால் தடவி, முகர்ந்து பார்த்து வாங்கினார்கள். தாழியின் மணம் துணியோடு ஆபிரிக்கா வரை போயிருக்கிறது.

சுண்ணாம்புக்குள் வாழ்வது எப்படி?

நல்ல தண்ணீரின் பிஎச் 7. கடல்நீர் 8ஐச் சற்றுக் கடக்கும். தாழியின் நீர் 10.5 என்று வையுங்கள். இந்த அளவுகோலில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. அப்படியானால் தாழி நீரில் ஐதரசன் அயன்கள் நல்ல தண்ணீரில் உள்ளதில் மூவாயிரத்தில் ஒரு பங்குதான்.

இது உயிருக்கு ஏன் கொடுமை? உயிரினங்கள் பெரும்பாலும் ஆற்றலைச் சேமிப்பது ஐதரசன் அயன்களை வைத்துத்தான். கலத்துக்கு வெளியே அவற்றைத் தள்ளி, அவை திரும்ப உள்ளே பாயும் வேகத்தில் ஆற்றலை எடுக்கின்றன. வெளியே கடும் காரமாக இருந்தால் தள்ளிய அயன் அங்கேயே அழிந்துபோகும். உள்ளே திரும்பி வராது. போதாததற்குக் காரம் கலத்தின் சவ்வை அரிக்கும், புரதங்களைக் குலைக்கும். சாதாரணப் பற்றீரியாக்கள் 9ஐத் தாண்டினால் வளர்ச்சியை நிறுத்திவிடுகின்றன.

கார விரும்பிகள் இதற்கு மாற்றுக் கண்டன. பல வேலைகளுக்கு அவை ஐதரசனுக்குப் பதில் சோடியத்தைப் பிடித்துக்கொண்டன. சவ்வில் இருக்கும் ஒரு வகைப் பம்பு சோடியத்தை வெளியே தள்ளி, அதற்கு ஈடாக ஐதரசன் அயனை உள்ளே இழுக்கிறது. வெளியே 10.5 இருக்கும்போதும் உள்ளே 8ஐ ஒட்டியே நிற்கிறது. நீந்தும் வாலைச் சுழற்றுவதும் சோடியந்தான். கலத்தின் சுவரிலும் அமிலத் தன்மையுள்ள பொருட்களைப் பூசி, காரம் நெருங்காதபடி காத்துக்கொள்கின்றன. இவற்றில் சில வகைகளை நல்ல தண்ணீரில் விட்டால் வளரவே மாட்டா. நமக்குக் கொடுமையான இடமே அவற்றுக்கு ஊர்.

இனித் தகரை விதைக்கு வருவோம்.

விதையின் உள்ளே இருப்பது சர்க்கரைகள் கோத்த ஒரு பசை. அதுதான் அவற்றின் சாப்பாடு. சர்க்கரையை உடைக்கும்போது இலத்திரன்கள் மிஞ்சுகின்றன. காற்றில்லாத தாழியில் அவற்றை வாங்கிக்கொள்ள ஒட்சிசன் இல்லை. பக்கத்தில் நீலத் துகள் இருக்கிறது. துகள் கலத்துக்குள் நுழையாது, கரையாத பொருளாயிற்றே. ஆகவே வெளியே வைத்தே இலத்திரனை அதனிடம் தள்ளிவிடுகிறது பற்றீரியா. நீலம் பச்சையாகிறது, கரைகிறது. நாம் தேடிய கை இதுதான்.

சாப்பிட்ட பின் கழிவு என்ன? புளிப்பு. லக்ரிக் அமிலம், அசற்றிக் அமிலம். தன் வீட்டைத் தானே புளிக்க வைக்கிறது. அப்படியே விட்டால் காரம் தணியும். காரத்துக்கு அஞ்சி ஒதுங்கியிருந்த அழுகல் பற்றீரியாக்கள் உள்ளே நுழையும். அதற்குள் சாயக்காரர் மூடியைத் திறக்கிறார், முகர்கிறார், ஒரு கை சுண்ணாம்பு போடுகிறார்.

காரம் ஏன் அவ்வப்போது போடவேண்டியிருந்தது, மிஞ்சினால் ஏன் தாழி அடங்கியது, விதை ஏன் வேகவேண்டியிருந்தது, பழைய தண்ணீர் எதற்கு என்ற அத்தனைக்கும் விடை இந்த ஒரு உயிரில் இருக்கிறது. சாயக்காரர் சேர்த்த பொருட்களில் வீணானது ஒன்றுகூட இல்லை.

வில்லை தாழியைச் சந்தித்தது

1934இல் ஒல்லாந்து நாட்டு ஆய்வாளர் வேடர், பிஎச் 10 அளவுக் கார ஊட்டக் குழம்பில் வளரும் ஒரு பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார். பசிலசு அல்கலோஃபிலசு என்று பெயரிட்டார். அவர் அதைக் கண்டது மனிதக் கழிவில். அந்தக் கட்டுரை வெளியான இதழின் பெயர் 'அந்தோனி வான் லீவன்ஹூக்'. துணி வணிகரின் பெயர் இப்படியாவது கார விரும்பிகளோடு சேர்ந்தது. ஆனால் வேடரும் நீலத்தைத் தேடவில்லை.

1960இல் ஜப்பானில் தகஹாரா, தனாபே என்ற இருவர் நேரே நீலத் தாழிக்குள் பார்த்தார்கள். ஜப்பானியத் தாழியில் மரச்சாம்பல் நீர், சுண்ணாம்பு, கோதுமைத் தவிடு. நம் தகரையின் இடத்தில் அங்கே தவிடு. அதிலிருந்து நீலத்தைக் கரைக்கும் ஒரு பற்றீரியாவைப் பிரித்தார்கள். காரத்தில் நன்றாக வளர்ந்தது அது.

பெரிதாக யாரும் கவனிக்கவில்லை.

1968 நவம்பரில் ஜப்பானிய நுண்ணுயிரியலாளர் கொக்கி ஹொரிகோஷி இத்தாலியின் ஃபுளோரன்சு நகரில் நின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் மறுமலர்ச்சிக் காலக் கட்டடங்கள். அதே காலத்தில் ஜப்பானில் இருந்த ஒருவரால் இப்படி ஒன்றைக் கற்பனை செய்திருக்கவே முடியாது என்று அவருக்குத் தோன்றியது. ஒன்றையொன்று அறியாமல் இரண்டு நாகரிகங்கள் ஒரே நேரத்தில் இருந்திருக்கின்றன என்றால், நுண்ணுயிர்களிலும் நாம் எட்டிப்பார்க்காத ஒரு நாகரிகம் இருக்கலாமே?

ஊர் திரும்பியதும் ரிக்கன் ஆய்வுக்கூடத்தில் ஊட்டக் குழம்பில் நூற்றுக்கு ஒரு பங்கு சோடியம் காபனேற்றைக் கலந்தார். முப்பது சோதனைக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் வளாகத்து மண் ஒரு சிட்டிகை. இரவு வைத்துவிட்டுப் போனார்.

காலையில் முப்பதும் கலங்கியிருந்தன.

கார விரும்பிகள் அரிய பிராணிகள் அல்ல. காலடி மண்ணிலேயே இருந்தன. யாரும் அவற்றுக்குப் பிடித்த சாப்பாட்டைப் பிடித்த காரத்தோடு பரிமாறவில்லை, அவ்வளவுதான். அங்கிருந்து ஒரு துறையே பிறந்தது. 1987இல் ஜப்பானின் கவோ நிறுவனம் வெளியிட்ட 'அட்டாக்' சலவைத்தூளில் கார விரும்பி ஒன்றின் நொதியம் இருந்தது. துணிக்கு நிறம் ஏற்றிய குலம், துணியின் அழுக்கையும் நீக்கத் தொடங்கியது.

1998இல் இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழகத்தார் பழைய முறையில் அமைத்த வோட் தொட்டியிலிருந்து வெப்பம் விரும்பும் குளொஸ்ரிடியம் வகைப் பற்றீரியா ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். 2004இலும் 2005இலும் ஹொக்கைடோ தாழிகளிலிருந்து அல்கலிபற்றீரியம் வகைகள் இரண்டு வெளிவந்தன. ஒன்று குளிரையும் தாங்கும் சைக்ரோடோலரன்சு. மற்றது இபுரி வட்டாரத்தின் பெயர் பெற்ற இபுரியென்சே. பிஎச் 9க்கும் 12க்கும் இடையில்தான் இவற்றின் வாழ்க்கை. புளிப்பை உண்டாக்கும் லக்ரிக் அமிலப் பற்றீரியாக்களின் உறவினர் இவை. புளிப்பில் வாழத் தெரியாத உறவினர்! இதே குலத்தின் வேறு சில இனங்கள் கடலோரத்தில், அழுகும் கடற்பாசியில் கிடைத்திருக்கின்றன.

இபுரி வட்டாரத்துக்கு ஒரு பற்றீரியாவின் பெயரில் இடம் கிடைத்தது. பழவேற்காட்டுக்கும் புதுச்சேரிக்கும் கிடைத்திருக்கவேண்டிய இடம் அது என்றே நான் நினைக்கிறேன். ஆய்வாளரின் நுணுக்குக்காட்டிகள் வருவதற்குள் நம் தாழிகள் பெரும்பாலும் வற்றிப்போயின.

இன்று வாவியின் தென்கோடியை அடுத்த மருதமுனையில் கைத்தறிகள் ஓடுகின்றன. சாரமும் சேலையும் நெய்கிறார்கள். கைத்தறி நூலுக்கு 'வாட்' எனப்படும் தாழிச் சாயம் ஏற்றும் பாத்திரம் எதையும் எட்டிப் பாருங்கள். அங்கேயும் காரம் உண்டு, காற்றுப் பட்டதும் நிறம் திரும்பும் அதே விந்தையும் உண்டு. உயிர் மட்டும் இல்லை.

கப்பலில் வந்த தூள்

தாழியின் உயிர் எப்படி வெளியேறியது? 1880இல் ஜேர்மன் வேதியியலாளர் அடோல்ஃப் வான் பேயர் செடியே இல்லாமல் நீலத்தைச் செய்தார். ஆய்வுக்கூடக் குடுவையில் கைகூடியது ஆலைத் தொட்டியில் கைகூட மேலும் 17 ஆண்டுகள் ஆயின. பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் அதில் கொட்டிய பணம் ஏறக்குறைய 18 மில்லியன் தங்க மார்க் என்பார்கள். நடுவில் ஓர் ஆய்வாளரின் பாத்திரத்தில் வெப்பமானி உடைந்து பாதரசம் சிந்தியதும், அந்த விபத்தே வழியைத் திறந்ததும் தனிக்கதை.

1897இல் லுட்விக்ஸ்ஹாபனிலிருந்து ஆலை நீலம் சந்தைக்கு வந்தது. கடப்பையிலும் நெல்லூரிலும் தென்னார்க்காட்டிலும் அவுரி போட்ட குடியானவர்களின் நிலத்தில் அடுத்த சில ஆண்டுகளில் வேறு பயிர் ஏறியது. நீலத்தின் கதை இங்கே முடிந்தது என்றுதான் பெரும்பாலான புத்தகங்கள் எழுதுகின்றன.

ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். ஆலையிலிருந்து வந்த தூளும் அவுரிக் கட்டியிலிருந்த அதே மூலக்கூறுதான். அதுவும் தண்ணீரில் கரையாது. அதையும் பச்சையாக்கினால்தான் நூலுக்குள் போகும். சாயக்காரர் ஜேர்மன் டப்பாவைத் திறந்து, தூளைக் குழைத்து, தகரைக் கஞ்சியும் சுண்ணாம்பும் நிறைந்த தம் பழைய தாழியிலேயே ஊற்றினால் பற்றீரியாவுக்கு வித்தியாசமே தெரியாது. இலத்திரனை வாங்கிக்கொள்ள ஒரு துகள், அவ்வளவுதானே அதற்கு வேண்டியது.

1897 குடியானவரைச் சாய்த்தது. தாழியைச் சாய்க்கவில்லை. அப்படியானால், ஆயிரமாண்டுப் பழக்கமுள்ள அந்த உயிரைத் தாழியிலிருந்து துரத்திய இரண்டாவது டப்பாவில் இருந்தது என்ன?

(தொடரும்)